நாடற்றவர்களுக்குக் கடவுச்சீட்டுக் கொடுத்த நன்சன்

2024 டிசெம்பரில் முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால் கரையோரத்தில் ஒரு படகு வந்து சேர்ந்த செய்தியை நாம் எல்லோரும் வாசித்தோம். மியன்மாரைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் அதில் இருந்தார்கள். பெண்களும் சின்னஞ்சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களைக் கண்ட மீனவர்களும் ஊர் மக்களும் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்த ஊர் அது. வந்தவர்கள் எந்த மதம், எந்த மொழி என்று அந்த ஊர் கேட்கவில்லை.

அந்தப் படங்களைக் கைப்பேசியில் பார்த்தபோது எனக்கு 1990 ஒக்டோபர் ஞாபகம் வந்தது. மன்னார் தீவில் இருந்து நாங்களும் ஒரு மீன்பிடிப் படகில்தான் வந்தோம். மழைக்காலம். உம்மாவின் மடியில் தங்கச்சியின் கைக்குழந்தை. வாப்பாவின் கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் காணி உறுதியும் எங்கள் அடையாள அட்டைகளும் இருந்தன. கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அந்த ஊர்ச் சனம் தேநீரும் பாணும் கொண்டு வந்து நின்றது. அந்த வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

முல்லைத்தீவுப் படகு வந்து சில நாட்களில் பேச்சு மாறியது. படகோட்டிகள் என்று கருதப்பட்ட 12 பேர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு அதிகாரிகளுக்கே ஆரம்பத்தில் அவர்களைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. இன்னும் ஒரு இலட்சம் பேர் வரக்கூடும் என்ற புலனாய்வுத் தகவல் பற்றியும், ஆட்கடத்தல் பற்றியும், தேசிய பாதுகாப்பு பற்றியும் பேசப்பட்டது. இதையெல்லாம் ஓர் அரசாங்கம் பேசும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தூக்கம் வராமல் செய்தது வேறொன்று. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுமம் ஒன்றில், என்னோடு அதே கற்பிட்டிக் கரையில் இறங்கிய ஒருவர், நமக்கு இருக்கிற பிரச்சினை போதும், சாப்பாடு கொடுத்து வந்த வழியே அனுப்பிவிட வேண்டும் என்ற கருத்தில் எழுதியிருந்தார். அதன் கீழே பலர் கட்டை விரலை உயர்த்தியிருந்தார்கள்.

அவருக்கு நான் அன்று பதில் எழுதவில்லை. இந்தக் கட்டுரைதான் என் பதில். இதில் நான் சொல்லப் போவது ஒரு நோர்வேக்காரரின் கதை. அவர் இறந்து தொண்ணூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பெயர் பிரித்யொஃப் நன்சன்.

நான் முப்பது வருடங்கள் புவியியல் படிப்பித்தவன். நன்சனை எனக்கு முதலில் தெரிந்தது வடதுருவ ஆராய்ச்சியாளராகத்தான். 1861 ஒக்டோபர் 10ஆம் திகதி, இன்று ஒஸ்லோ என்று அழைக்கப்படும் நகருக்கு அருகில் பிறந்தார். விலங்கியல் படித்தார். நரம்புக் கலங்களைப் பற்றி ஆய்வு செய்து 1888இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே வருடம் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கிரீன்லாந்தின் பனிப் பீடபூமியைப் பனிச்சறுக்கு மட்டையில் கடந்தார். அவருக்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை.

அந்தப் பயணத்தை அவர் திட்டமிட்ட விதம் விசித்திரமானது. முன்பு முயன்றவர்கள் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டார்கள். கஷ்டம் வந்தால் திரும்பிவிட அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. நன்சன் ஆளரவமற்ற கிழக்குக் கரையில் இறங்கினார். திரும்பினால் அங்கே எதுவும் இல்லை. உயிர் வாழ வேண்டுமென்றால் முன்னே போக வேண்டும். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் வியப்பார்கள். எனக்கோ படகில் ஏறும் ஒவ்வொரு அகதியின் நிலையும் அதுதான் என்று தோன்றும். நன்சன் அந்த நிலையைத் தானே தெரிவு செய்தார். அகதிக்கு அந்தத் தெரிவு கிடையாது.

1893இல் ஃபிராம் என்ற கப்பலில் வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டார். பனிக்கட்டி நெருக்கினால் உடையாமல் மேலே எழும்பும்படி அதன் அடிப்பாகம் உருண்டையாகக் கட்டப்பட்டிருந்தது. கப்பலை வேண்டுமென்றே பனியில் உறைய விட்டு, பனி நகரும் திசையில் தானும் நகர்வதே திட்டம். கப்பல் போகும் பாதை துருவத்தைத் தொடாது என்று தெரிந்ததும், 1895 மார்ச்சில் யோஹான்சன் என்ற தோழருடன் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளோடு இறங்கி நடந்தார். வடக்கு அகலாங்கு 86 பாகை 14 கலை வரை போனார்கள். அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு தூரம் வடக்கே போனதில்லை. திரும்பும் வழியில் ஒரு குளிர்காலம் முழுவதும் கல்லாலும் கடற்பசுத் தோல் போன்ற தடித்த தோலுடைய வால்ரஸ் விலங்கின் தோலாலும் கட்டிய குடிசைக்குள், கரடி இறைச்சியைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். 1896இல் ஊர் திரும்பியபோது நன்சன் உலகப் புகழ் பெற்றிருந்தார். வயது 34.

1905இல் நோர்வே சுவீடனிலிருந்து பிரிந்து தனிநாடானது. நன்சன் அதற்காகப் பாடுபட்டார். பிறகு லண்டனில் நோர்வேயின் முதலாவது தூதுவராக இருந்தார். மனைவி ஏவா 1907இல் காலமானார். சில வருடங்களில் ஒரு மகனையும் பறிகொடுத்தார். முதலாம் உலகப் போர் முடிந்தபோது அவருக்கு வயது 57. வீட்டில் இருந்து சமுத்திரவியல் ஆய்வு செய்யவே விரும்பினார். ஆனால் அவரது வாழ்க்கையின் இரண்டாவது பகுதி அப்போதுதான் ஆரம்பித்தது.

ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னர் ஜெனீவாவில் சர்வதேச சங்கம் என்ற அமைப்பு இருந்தது. போர் முடிந்தும் இலட்சக்கணக்கான போர்க் கைதிகள் சைபீரியாவிலும் ஐரோப்பாவின் முகாம்களிலும் கிடந்தார்கள். அவர்களை வீடு சேர்க்கும் பொறுப்பை 1920இல் அந்தச் சங்கம் நன்சனிடம் கொடுத்தது. பெரிய வல்லரசுகள் சோவியத் ரஷ்யாவுடன் பேசவே மறுத்த காலம். நன்சன் பேசினார். கப்பல்களைத் தேடினார், கடன் வாங்கினார். இரண்டு வருடங்களுக்குள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். சங்கத்தின் கையில் படையும் இருக்கவில்லை, பணமும் பெரிதாக இருக்கவில்லை. எல்லோரும் நம்பும் ஒரு மனிதர் மட்டும் இருந்தார்.

1921இல் ரஷ்யாவின் வொல்கா பகுதியில் கொடிய பஞ்சம் வந்தது. தாத்தார்களும் பஷ்கீர்களும் வாழும் முஸ்லிம் பிரதேசங்களும் அதில் அடங்கும். நன்சன் ஜெனீவாவுக்கு வந்து அரசாங்கங்களிடம் கடன் உதவி கேட்டார். அரசாங்கங்கள் மறுத்தன. உணவு அனுப்பினால் கம்யூனிஸ்டுகள் பலமடைவார்கள் என்பது அவற்றின் வாதம். பசித்தவனையும் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்த்த காலம் அது. நன்சனைக் கம்யூனிஸ்டுகளின் கைப்பொம்மை என்று ஏசியவர்களும் உண்டு. அவர் பொதுமக்களிடம் கையேந்தினார். பஞ்ச பூமிக்கு நேரே போய்ப் படங்கள் எடுத்து வந்து, ஊர் ஊராகக் காட்டிப் பணம் சேர்த்தார். உதவியின் மிகப் பெரும் பங்கு அமெரிக்க நிவாரண அமைப்பிலிருந்து வந்தது. நன்சனின் முயற்சியும் பெருந்தொகையானோரின் உயிரைக் காத்தது. இருந்தும் மாண்டவர்கள் இலட்சக்கணக்கில்.

அதே 1921இல் அவருக்கு இன்னொரு பதவியும் வந்தது. ரஷ்ய அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர். அகதிகளுக்கென்று ஒரு சர்வதேச அதிகாரி உலகில் நியமிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

பிரச்சினையின் அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புரட்சியிலும் உள்நாட்டுப் போரிலும் ரஷ்யாவை விட்டு ஓடியவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். இஸ்தான்பூல், பெர்லின், பாரிஸ், பெல்கிரேட், ஹார்பின் என்று சிதறிக் கிடந்தார்கள். 1921 டிசெம்பரில் சோவியத் அரசாங்கம் ஒரு கட்டளையின் மூலம் அவர்களில் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. ஒரே கையெழுத்தில் அவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லாதவர்களாக ஆனார்கள்.

1914க்கு முன்னர் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலே பயணம் செய்யலாம். போர் வந்ததும் எல்லைகளில் கட்டுப்பாடு வந்தது. உளவாளிகளைப் பிடிப்பதற்கென்று வந்த கட்டுப்பாடு, போர் முடிந்தும் போகவில்லை. இப்போது தாள் இல்லாதவர் எல்லையைக் கடக்க முடியாது. கடக்காமல் நின்றால் அங்கே தங்கவும் அனுமதி இல்லை. வேலை செய்ய முடியாது, கல்யாணத்தைப் பதிய முடியாது. பொலிஸ் பிடித்தால் நாடு கடத்தலாம், ஆனால் எந்த நாட்டுக்குக் கடத்துவது? ஒரு நாட்டு எல்லைக் காவலர் இரவில் அடுத்த நாட்டுக்குள் தள்ளிவிடுவார். அடுத்த நாட்டுக் காவலர் திருப்பித் தள்ளுவார். சட்டவிரோதமாக நுழைந்தார் என்று சிறை. வெளியே வந்ததும் மீண்டும் தள்ளல்.

அவர்கள் மீது சந்தேகமும் இரண்டு பக்கமும் இருந்தது. தோற்றுப்போன வெள்ளைப் படையின் சிப்பாய்கள் என்று சிலர் அஞ்சினார்கள். அகதி வேடத்தில் வரும் கம்யூனிஸ்ட் உளவாளிகள் என்று வேறு சிலர் அஞ்சினார்கள். அந்த அச்சம் முழுக்கக் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டத்தில் சிப்பாய்களும் இருந்தார்கள். உளவாளிகள் சிலரும் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்களோடு தாதிமார், தையற்காரர், வாத்தியார், விதவைகள், பிள்ளைகள் என்று பல இலட்சம் பேர் இருந்தார்கள். அந்தச் சிலருக்காக இந்த இலட்சங்களை என்ன செய்வது என்பதே அன்றைய கேள்வி. இன்றைய கேள்வியும் அதுதான்.

நன்சனும் அவரது அலுவலகத்தாரும் கண்ட வழி ஒரு தாள். 1922 ஜூலை மாதம் ஜெனீவாவில் அரசாங்கங்களைக் கூட்டி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அகதி தங்கியிருக்கும் நாடு அவருக்கு ஓர் அத்தாட்சிப் பத்திரம் கொடுக்கும். மற்ற நாடுகள் அதை ஏற்றுக்கொள்ளும். அதில் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தொழில், முன்பு வாழ்ந்த ஊர், தலைமயிரின் நிறம், கண்ணின் நிறம், மூக்கின் அமைப்பு, புகைப்படம் எல்லாம் இருக்கும். மக்கள் அதை நன்சன் கடவுச்சீட்டு என்று அழைத்தார்கள். பிற்காலத்தில் அதில் நன்சனின் முகம் பதித்த முத்திரை ஒன்றும் ஒட்டப்பட்டது. வசதியுள்ள அகதி ஐந்து தங்கப் பிராங்க் கொடுத்து அந்த முத்திரையை வாங்குவார். அந்தப் பணம் வசதியற்ற அகதிகளுக்கான நிதிக்குப் போகும்.

அந்தத் தாளில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஒரு பாதுகாப்பு அதிகாரி தெரிந்துகொள்ள விரும்பும் எல்லாம் அதில் இருந்தன. தாள் இல்லாதவரை எந்தப் புலனாய்வுத் துறையும் அறிய முடியாது. அவர் ஒளிந்து வாழ்வார், பெயரை மாற்றுவார், கடத்தல்காரனின் கையில் விழுவார். பெயரைப் பதிந்து, முகத்தைப் படம் பிடித்து, நீ இங்கே இருக்கலாம் என்று சொல்லிவிட்டால் அவர் பகலில் நடமாடுவார். யாரென்று அரசுக்கும் தெரியும். அகதியின் உரிமையையும் அரசின் பாதுகாப்பையும் ஒரே தாளில் வைக்க முடியும் என்பதை நன்சன் நூறு வருடங்களுக்கு முன்பே செய்து காட்டினார்.

எனக்கு இதன் அருமை புத்தகத்தில் படித்து விளங்கியதல்ல. தொண்ணூறுகளில் புத்தளத்திலிருந்து கொழும்புக்கு வரும்போது சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறக்குவார்கள். எல்லோருடைய அடையாள அட்டையையும் பார்ப்பார்கள். என்னுடைய அட்டையில் மன்னார் விலாசம். உடனே என்னைத் தனியே நிறுத்துவார்கள். நாங்கள் விரட்டப்பட்டவர்கள் என்று சொன்னாலும் விலாசம்தான் பேசும். ஒருநாள் நான்கு மணித்தியாலம் நின்றேன். கடைசியில் நிவாரண அட்டையையும், பாடசாலை அதிபரின் கடிதத்தையும் காட்டிய பிறகுதான் விட்டார்கள். ஒரு தாள் என்னைச் சந்தேக நபராக்கியது. இன்னொரு தாள் வாத்தியாராக்கியது. இரண்டுக்கும் நடுவில் நின்ற மனிதன் ஒருவன்தான்.

நன்சன் கடவுச்சீட்டை நாளடைவில் 50க்கும் மேற்பட்ட அரசாங்கங்கள் ஏற்றுக்கொண்டன. சுமார் நாலரை இலட்சம் பேர் அதைப் பெற்றார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் ஓவியர் ஷகாலும் எழுத்தாளர் நபொகோவும் அதை வைத்திருந்தவர்கள்தான். பெயர் தெரியாத இலட்சங்கள் அதைக் கொண்டு வேலை தேடினார்கள், குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். 1924இல் அது ஆர்மேனியர்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. 1928இல் அசீரியர்களுக்கும், துருக்கியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு சிறு தொகையினருக்கும் கிடைத்தது. 1922 டிசெம்பரில் நன்சனுக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தப் பணத்தையும் அவர் நிவாரண வேலைக்கே கொடுத்தார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவரது வாழ்க்கையில் எனக்கு உறுத்தும் ஒரு பகுதியை மறைத்தால் அது நேர்மையாகாது.

1922இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடந்த போர் முடிந்தபோது, பத்து இலட்சத்தை நெருங்கிய கிரேக்கக் கிறிஸ்தவர்கள் அனத்தோலியாவிலிருந்து கிரேக்கத்துக்கு ஓடி வந்திருந்தார்கள். சமாதானத்துக்கு வழி மக்களை மாற்றிக்கொள்வதே என்ற யோசனையை முன்னெடுத்தவர்களில் நன்சன் முக்கியமானவர். 1923 ஜனவரி 30ஆம் திகதி லொசானில் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி கிரேக்கத்தில் வாழ்ந்த சுமார் மூன்றரை இலட்சம் முதல் நான்கு இலட்சம் வரையான முஸ்லிம்கள் கட்டாயமாகத் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். யாரும் அவர்களின் விருப்பத்தைக் கேட்கவில்லை. கிரீட் தீவின் முஸ்லிம்கள் பலருக்குக் கிரேக்க மொழி தவிர வேறு மொழி தெரியாது. அய்வலிக் போன்ற துருக்கியக் கரையோர ஊர்களில் இறக்கப்பட்டபோது அங்கிருந்தவர்களுக்கு அவர்கள் அந்நியர்கள்.

கொலைகளைத் தடுக்க வேறு வழி இல்லை என்று நன்சன் கருதினார். அவர் கண்ட பிணங்களை நான் காணவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு சமூகம் முழுவதையும் அதன் மதத்தை வைத்து ஆபத்து என்று தீர்மானித்து வேரோடு பிடுங்குவது என்னவென்று வடக்கு முஸ்லிம்களுக்குத் தெரியும். எங்களையும் அப்படித்தான் தீர்மானித்தார்கள். யாராவது ஒருவர் மீது குற்றம் இருந்திருந்தால் அந்த ஒருவரை விசாரித்திருக்கலாம். ஒரு மாகாணத்து முஸ்லிம்கள் முழுவதையும் விசாரணையின்றித் தண்டித்தார்கள். வாப்பா புத்தளத்தில் மௌத்தாகும் வரை அந்தக் காணி உறுதியைத் தலைமாட்டில் வைத்திருந்தார்.

நன்சனின் இரண்டு வேலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். லொசானில் கூட்டமாகப் பார்த்தார்கள், மனிதர்கள் மூட்டைகளானார்கள். அந்தக் கடவுச்சீட்டில் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள், மனிதர்களுக்குப் பெயர் கிடைத்தது.

நன்சன் 1930 மே 13ஆம் திகதி தன் வீட்டில் காலமானார். நோர்வேயின் தேசிய தினமான மே 17ஆம் திகதி அவரது இறுதி ஊர்வலம் நடந்தது. அவரது பெயரில் உருவான அகதிகள் அலுவலகத்துக்கு 1938இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அதே காலத்தில் உலகம் பின்னோக்கியும் போனது. 1933இல் அகதிகள் பற்றிய ஒரு சர்வதேச சமவாயம் வந்தது. அகதியை ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பித் தள்ளக்கூடாது என்ற விதி அதில் முதன்முதலாக எழுதப்பட்டது. கூடவே தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற விதிவிலக்கும் எழுதப்பட்டது. கையெழுத்திட்ட நாடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஹிட்லரிடமிருந்து தப்பிய யூதர்கள் கதவு கதவாகத் தட்டியபோது பெரும்பாலான கதவுகள் திறக்கவில்லை. திறந்த நாடுகளிலும் போர் வந்ததும் எதிரி நாட்டவர் என்று சொல்லி அவர்களையே முகாம்களில் அடைத்தார்கள். 1940இல் பிரித்தானியாவில் அப்படி அடைக்கப்பட்டவர்களில் ஹிட்லரின் வதை முகாம்களைக் கண்டு வந்தவர்களும் இருந்தார்கள்.

அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததுதான் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம். அதில் இரண்டு விதிகளை நம்மில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். உயிராபத்துள்ள இடத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதமின்றி அதிகாரிகள் முன் தோன்றுபவரைச் சட்டவிரோதமாக நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது. இது 31ஆவது உறுப்புரை. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ அச்சுறுத்தல் உள்ள நாட்டின் எல்லைக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது. இது 33ஆவது உறுப்புரை. பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கருத நியாயமான காரணம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் அந்தக் காரணம் குறித்த அந்த மனிதரைப் பற்றியதாக இருக்க வேண்டும். அவரது இனத்தையோ, வந்த படகையோ, பின்னால் வரக்கூடும் என்று சொல்லப்படும் இலட்சம் பேரையோ காட்டி அதைப் பயன்படுத்த முடியாது.

இலங்கை இந்தச் சமவாயத்தில் கையெழுத்திடவில்லை. ஆகவே நமக்குக் கடமை இல்லை என்று சொல்வோர் உண்டு. அது சரியல்ல. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் 1994இல் இலங்கை இணைந்தது. சித்திரவதைக்கு உள்ளாகக்கூடிய நாட்டுக்கு எவரையும் அனுப்பக் கூடாது என்கிறது அதன் 3ஆவது உறுப்புரை. அதற்குப் பாதுகாப்பு என்ற விதிவிலக்கே இல்லை. நமது அரசியலமைப்பையும் எடுத்துப் பாருங்கள். பேச்சுச் சுதந்திரம், நடமாட்டச் சுதந்திரம் பற்றிய 14ஆவது உறுப்புரை பிரஜைகளுக்கு என்கிறது. சித்திரவதையிலிருந்து பாதுகாப்பு, சட்டத்தின் முன் சமத்துவம், காரணம் சொல்லாமல் கைது செய்யப்படாமை ஆகிய 11, 12(1), 13(1) உறுப்புரைகள் ஆட்கள் எல்லோருக்கும் உரியவை. தேசிய பாதுகாப்புக்காகச் சில உரிமைகளைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று சொல்லும் 15(7) கூட 11ஆவது உறுப்புரையைத் தொடுவதில்லை. முல்லைத்தீவுக் கரையில் கால் வைத்த ரோஹிங்யாக் குழந்தையும் இந்த அரசியலமைப்பின் கீழ் ஓர் ஆள்.

அந்தக் குழந்தையின் நிலை 1921இன் ரஷ்ய அகதியின் நிலைதான். மியன்மாரின் 1982ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ரோஹிங்யாக்களை நாடற்றவர்களாக்கியது. 2017 ஓகஸ்டுக்குப் பிறகு 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்பவர், எந்த நாட்டுக்கு என்று சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலும் இந்தப் பாடம் புதிதல்ல. 2017 செப்டம்பரில் கல்கிசையில் ஐ.நா.வின் பராமரிப்பில் ஒரு வீட்டில் தங்கியிருந்த 31 ரோஹிங்யாக்களை, பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், பயங்கரவாதிகள் என்று கூச்சலிட்டு ஒரு கும்பல் முற்றுகையிட்டது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் நூற்றுக்கணக்கில் துரத்தப்பட்டார்கள். அவர்களில் பலர் பயங்கரவாதத்துக்கு அஞ்சித் தம் நாட்டை விட்டு ஓடி வந்தவர்கள். பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்திலும் பிள்ளைகளோடு படுத்தார்கள். பலர் அஹ்மதியாக்கள், சிலர் கிறிஸ்தவர்கள். அந்த நாட்களில் நமது சமூகமும் வீட்டுக்குள் பயந்து கிடந்தது என்பது உண்மை. ஆனால் அவர்கள் நம்மவர்கள் அல்லர் என்று சொல்லி நம்மில் சிலர் முகத்தைத் திருப்பியதும் உண்மை. கொள்கை வேறுபாடு பற்றிய நமது நிலைப்பாடு நமக்கு இருக்கட்டும். அடைக்கலம் கேட்டு நிற்பவரிடம் முதலில் அதைக் கேட்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த ஒழுங்கல்ல.

ஹபஷாவுக்குப் போன முதல் ஹிஜ்ரத்தை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கிறார்கள். குறைஷிகளின் தூதர்கள் பரிசுகளோடு வந்து, இவர்கள் குழப்பக்காரர்கள், ஒப்படைத்துவிடுங்கள் என்று மன்னர் நஜ்ஜாஷியிடம் கேட்டார்கள். அந்த மன்னர் முதலில் செய்தது, குற்றம் சாட்டப்பட்டவர்களை அழைத்து அவர்கள் தரப்பைக் கேட்டது. இன்றைய அகதிச் சட்டம் கேட்பதும் அதைத்தான். தீர்மானிக்கும் முன் ஒவ்வொருவரையும் கேளுங்கள்.

ஆகவே என் நண்பருக்கு நான் சொல்வது இதுதான். நாட்டின் பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதில் பிழையில்லை. கடத்தல்காரர்களைப் பிடிக்கட்டும், நீதிமன்றத்தில் நிறுத்தட்டும். வந்தவர்களைப் பதியட்டும், விசாரிக்கட்டும். அதை மனித உரிமைகள் ஆணைக்குழுவும் ஐ.நா. அகதிகள் அமைப்பும் சட்டத்தரணிகளும் பார்க்கும்படி செய்யட்டும். புகலிடக் கோரிக்கையாளர்களைப் பற்றி ஒரு தனிச் சட்டம் நம் நாட்டுக்கு வேண்டும் என்று நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் குரல் எழுப்பட்டும். ரோஹிங்யாக்கள் முஸ்லிம்கள் என்பதற்காக மட்டும் இதைக் கேட்டால் அது கட்சி பேசுவதாகும். நாளை வேறொரு மதத்தவர் படகில் வந்தாலும் இதையே கேட்க வேண்டும்.

என் வீட்டு அலுமாரியில் வாப்பாவின் அந்தப் பொலித்தீன் பை இன்னும் இருக்கிறது. காணி உறுதி, மங்கிப்போன நிவாரண அட்டை, மன்னார் விலாசம் போட்ட என் பழைய அடையாள அட்டை. நண்பரின் வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும். வாட்ஸ்அப்பில் அடுத்த செய்தியை எழுதும் முன் அதை ஒருமுறை எடுத்துப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.